ஒரு முழம் தள்ளி

கார் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் ஞானையன் முதலில் அதை மோந்து பார்ப்பார். அதன்பிறகுதான் கண்ணுக்கு வேலை. இடக்கண்ணில் பார்வை கிடையாது என்பதால் தலையைச் சற்றுச் சாய்த்து, வலக்கண்ணுக்கு நேராகப் பிடித்து, ரப்பர் மரங்களின் இடைவெளியில் விழுகிற வெளிச்சத்தில் மெல்ல உருட்டுவார். முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வேட்டித் தலைப்பில் துடைத்து வைத்துவிடுவார். கரி படிந்திருந்தால், “பெட்ரோலு கூடுதலு குடிக்கான்” என்பார். எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கினால் அது மூன்றாவது சிலிண்டரில் இருந்த பிளக் என்று பொருள். அப்போது குரல் கொஞ்சம் தாழும். “இவன் கள்ளனாக்கும். இவனுக்கு மட்டும் வேற பிளக்கு வேணும்.”

திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே, தார்ச்சாலையிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு மண்பாதை முடிகிற இடத்தில் அவர் வீடு. முற்றத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்பது 1964ஆம் வருடத்து ஃபியட். மங்கிய பச்சை நிறம். கியர்க் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். முன் இருக்கை சோபாபோல ஒரே நீளம். அந்த வண்டியில் ஞானையனின் விரல் படாத ஆணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் ஒருநாளும் அதை ஓட்டியதில்லை.

இளவயதில் மாமாவின் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தபோது, ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட் தெறித்து இடக்கண் போயிற்று. ஒற்றைக் கண்ணுக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். உண்மைதானா என்று விசாரிக்க அவர் போகவில்லை. “இல்லைண்ணு நேர்ல கேக்கியதுக்கு எதுக்குப் போவணும்?” என்று பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் ஒருமுறை சொன்னார். அவருடைய பல காரியங்கள் இப்படித்தான். மறுப்பு வரும் என்று தோன்றுகிற வாசலுக்கு அவர் போகவே மாட்டார்.

வண்டி ஓட்டுவது அவர் மனைவி செல்லபாய். குவைத்தில் நீண்ட காலம் நர்ஸாக இருந்தவர். ஓட்டப் பழகியதும் அங்கேதான். அந்த வருடங்களில் ஞானையன் வீட்டோடு இருந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டார், மீன் கழுவினார், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். “பெஞ்சாதிக்க சம்பாத்தியத்தில இருக்கியவன்” என்று சாயாக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் சாயா குடிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார், கடையை மாற்றவில்லை.

செல்லபாய் ஊரோடு திரும்பிவந்து, ஒரு எஸ்டேட் மேனேஜர் விற்ற இந்த வண்டியை வாங்கியபோது, ஞானையனுக்கு முதன்முதலாக ஒரு பொறுப்பு கிடைத்தது. மெக்கானிக்குகள் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைப் படித்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தில் ஒரு துடிப்பு குறைந்தாலும் அடுக்களையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். பிளக் முனையின் இடைவெளியை உடைந்த ரம்பத் தகடு ஒன்றை நுழைத்து அளப்பார். நான்கு சிலிண்டரில் மூன்றுக்கு ஒரு நம்பர் பிளக். எண்ணெய் ஏறுகிற மூன்றாவதற்கு மட்டும், அதிகம் சூடாகித் தன்மேல் படிவதைத் தானே எரித்துக்கொள்கிற இன்னொரு நம்பர். அப்படி நம்பர் மாற்றிப் போடத் தேவையில்லை என்று பலர் சொல்லிவிட்டார்கள். “அவங்களுக்கு அவனைத் தெரியாது” என்பார்.

சனிக்கிழமை மாலைகளில் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டே சொற்கள் கேட்கும். செல்லபாய் ஓட்டுகிற இடத்தில் இருப்பார். ஞானையன் திறந்த பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருப்பார். “குடு” என்பார், செல்லபாய் ஆக்சிலேட்டரை மிதிப்பார். “விடு” என்பார், காலை எடுப்பார். குடு. விடு. குடு. விடு. மறுநாள் காலை ஞாயிறு ஆராதனைக்கு இருவரும் அதே வண்டியில் கோயிலுக்குப் போவார்கள். போகும்போதும் வரும்போதும் வேறு பேச்சு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சென்ற வருடம் கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில், ஆராதனை முடிந்து ஆசீர்வாதத்துக்கு எழுந்து நின்ற ஞானையன் அப்படியே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் இடையே சரிந்தார். இதயம் துடிக்க மறந்து மறந்து துடிக்கிறது என்றார்கள். திருவனந்தபுரத்தில் வைத்துத் காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். காரில் உட்கார்ந்து போகலாமா என்று செல்லபாய் கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர். திறந்த எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று அடுத்துக் கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். குனியக் கூடாது. பிளக் ஒயரைத் தொடவே கூடாது. அதில் பாய்கிற மின்சாரம் நெஞ்சில் வைத்த பெட்டியைக் குழப்பிவிடும். ஒரு முழமாவது தள்ளி நிற்க வேண்டும்.

“டாக்டருக்க கையில முழமா, எனக்க கையில முழமா?” என்று ஞானையன் கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் மாதக்கணக்கில் பானெட் திறக்கப்படவில்லை. செல்லபாய் எப்போதும்போல் வண்டியை எடுத்தார், வைத்தார். ஞானையன் வீட்டின் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். அங்கிருந்து பார்த்தால் கோழிக்கூடும் ஒரு பலாமரமும் தெரியும், வண்டி தெரியாது. ஒருநாள் எப்படி இருக்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். “இருக்கேன்” என்றார். பிறகு, “என்னை வச்சு இனி எதுக்குக் கொள்ளும்?” என்றார். தன்னால் இனி என்ன உபயோகம் என்ற அந்தக் கேள்வியைப் பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. கோழிக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் மழை பிடித்ததும் வண்டி ஏற்றங்களில் திணறியது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் விட்டுவிட்டு உதறியது. பிளக் ஒயர்கள் பழையவை. ஈரத்தில் மேலுறை வெடித்து மின்சாரம் கசிந்தது. செல்லபாய் மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்றார். மறுநாள் காலை ஞானையன் சட்டை மாற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மார்த்தாண்டம் வரைக்கும் வரியா? ஒயரும் பிளக்கும் நான்தான் பாத்து எடுக்கணும்.”

மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது வண்டிப் பாகங்கள் விற்கும் முருகதாஸின் கடை. ஞானையனைக் கண்டதும் முருகதாஸ் எழுந்து நின்றார். “அண்ணாச்சி, எத்தற நாளாச்சு! நெஞ்சில என்னமோ வச்சிருக்காங்கண்ணு கேட்டேனே.”

“எனக்கும் ஒரு டெல்கோ வச்சாச்சு” என்றார் ஞானையன். நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்தனுப்புகிற உருண்டைப் பெட்டியை இங்கே டெல்கோ என்பார்கள்.

முருகதாஸ் கண்ணாடி மேசையில் இரண்டு ஒயர்ச் சுருள்களை வைத்தார். ஒன்று கறுப்பு, விறைப்பானது. இன்னொன்று சிவப்பு, வளைத்தால் வளைகிறது.

“இது உள்ள செம்புக் கம்பி. பொறி நல்லா பாயும். ஆனா ஓடும்ப கரண்டு சுத்திலும் இரையும். இந்தச் சிவப்புல உள்ள கார்பன் முக்கின நூலு. அது இரைச்சலை அடக்கி வைக்கும். ஒங்களுக்குப் பெட்டி வச்சிருக்கியதுனால இதுதான் கொள்ளாம். கூட, இதே மாதிரி இரைச்சலு கொறைக்கியதுக்கு ரெசிஸ்டர் உள்ள பிளக்கு நாலெண்ணம் எடுத்துக்கிடுங்கோ. எல்லாம் ஒரே நம்பரு.”

ஞானையன் சிவப்பு ஒயரை எடுத்து முனையை மோந்தார். நகத்தால் உறையைக் கீறி உள்ளே பார்த்தார். “இது நூலுல்லா. எனக்க டெல்கோ மூடியில திருகாணி ஒயருக்குள்ள குத்திப் பிடிக்கணும். நூல்ல குத்தினா எங்க பிடிக்கும்?”

“மூடியையும் மாத்தணும் அண்ணாச்சி. புது மூடி கிட்டும்.”

“பின்ன எஞ்சினையும் மாத்து. ஆளையும் மாத்து.”

மேலே பாலத்தில் லாரிகள் போகிற அதிர்வு கண்ணாடி மேசையில் தெரிந்தது. நான் மெதுவாகச் சொன்னேன்: “மாமா, சிவப்பையே எடுத்துக்கிடுங்கோ. மாமிக்கும் நிம்மதியா இருக்கும்.”

அவர் என்னைப் பார்க்காமல் கறுப்பு ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டார். “வண்டிக்க வியாதிக்கு வண்டிக்க மருந்துதான் வாங்கணும். எனக்க வியாதிக்க மருந்தை அதுக்குக் குடுக்க ஒக்குமா?”

பிளக்குகளைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை எந்தக் கடைக்காரரும் பொறுத்துக்கொள்ள மாட்டார், முருகதாஸ் பொறுத்தார். ஞானையன் ஒவ்வொன்றையும் அட்டையிலிருந்து எடுத்து, வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே ஆட்டினார். முனை நேராக நிற்கிறதா என்று வலக்கண்ணை இடுக்கினார். மூன்றை ஒரு நம்பரில் எடுத்தார். மூன்றாவது சிலிண்டருக்கான வேறு நம்பர் பிளக்கை முருகதாஸ் உள்ளே போய்த் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் நான் அந்த முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் அப்போது இருந்தது. அதனால் சிவப்பு ஒயர்ப் பேச்சை அத்தோடு விட்டேன்.

சனிக்கிழமை செல்லபாய் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், எஞ்சினை ஓடவிடாமலே ஞானையன் எல்லாவற்றையும் பொருத்திவிட்டார். அதில் ஆபத்தொன்றும் இல்லை. ஆனால் திரும்பிவந்த செல்லபாய் திறந்த பானெட்டைக் கண்டு நின்றுவிட்டார்.

“எந்த ஒயரு?”

“பிளக்கு ஒயரு.”

“அது எனக்குத் தெரியும். எந்த ஒயரு எண்ணாக்கும் கேட்டது.” ஒயரில் இரண்டு வகை உண்டென்று மெக்கானிக்கிடம் கேட்டு வைத்திருந்த அவரே குனிந்து பார்த்தார். “செம்பா?”

“வண்டிக்கு அதுதான்.”

“அப்பம் ஒங்களுக்கு?”

ஞானையன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்லபாய் கைப்பையைக்கூட உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்தார். “செரி. பானெட்டை மூடுங்கோ. மூடிட்டு, அந்தக் கெணத்துக்க கிட்ட போய் நில்லுங்கோ. பின்னதான் சாவியைத் திருப்புவேன்.”

அவர் போய்க் கிணற்றடியில் நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு உதறல். பிறகு இன்னொன்று. நான் வேலியருகே நின்றிருந்தேன்; எனக்கே கேட்டது.

“குடு” என்றார் ஞானையன், கிணற்றடியில் இருந்து. எஞ்சின் உறுமியது. “விடு.” உதறல். தகரக் கூரையில் மழைச்சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து எந்தச் சிலிண்டர் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு நடந்துவந்து பானெட்டைத் தூக்கினார்.

“தள்ளி நில்லுங்கோ!” செல்லபாய் உள்ளிருந்து கத்தினார். “ஒங்களைத்தான்!”

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஓடுகிற எஞ்சினில் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. பிடுங்கியதும் சத்தம் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தாழாவிட்டால் குற்றவாளி அதுதான். முதலாவதைப் பிடுங்கிச் செருகினார். இரண்டாவதைப் பிடுங்கிச் செருகினார். மூன்றாவதில் ஈரக்கை பட்டது. பொறி கையில் பாய்ந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பாய்ந்திருக்கிறது. கையை உதறிக்கொண்டு “சவம் அடிக்குது” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிவார். இந்த முறை கை அப்படியே நின்றது. மட்கார்டைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

செல்லபாய் சாவியைத் திருப்பிவிட்டு ஓடிவந்தார். எஞ்சின் நின்ற பிறகு மழைச்சத்தம் மட்டும் இருந்தது. அவர் விரல்கள் கணவரின் மணிக்கட்டில் இருந்தன, உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நான் வேலியைத் தாண்டி வந்து பின்னால் தாங்கிக்கொண்டேன்.

“என்னைப் பாருங்கோ. எனக்க பேரென்ன? சொல்லுங்கோ.”

“செல்லபாய்” என்றார்.

அடுத்தடுத்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும், அவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

திருவனந்தபுரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. சில நொடி குழம்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். டாக்டர் திட்டினார். ஞானையன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தபின் கோழிக்கூட்டைப் பார்க்கிற நாற்காலிக்குப் போனார்.

செல்லபாய் வண்டியைச் சுயம்புராஜ் என்ற மெக்கானிக்கிடம் விட்டார். அவன் டெல்கோ மூடியைப் புதிதாக மாற்றினான். சிவப்புக் கார்பன் ஒயர்களைப் போட்டான். ரெசிஸ்டர் பிளக்குகள் நான்கும் ஒரே நம்பர். மூன்றாவது சிலிண்டருக்கென்று தனியாக எதுவும் இல்லை. அன்று மாலையே வண்டி வீட்டுக்கு வந்தது. ஆற்றூர் ஏற்றத்தில் ஒருமுறைகூட உதறவில்லை என்று செல்லபாய் சொன்னார். ஞானையன் வெளியே வந்து பார்க்கவில்லை. எந்த நம்பர் பிளக் போட்டான் என்று கேட்கவும் இல்லை.

ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்த செல்லபாயிடம் விசாரித்தேன். “கோபமா இருக்காரா மாமி?”

“இருக்கட்டு. உயிரோட இருந்தாத்தானே கோபப்பட ஒக்கும்.” ஒரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “நான் குவைத்துல இருந்து வந்தப்பம், எங்களுக்குப் பேச ஒண்ணுமே இல்லாம இருந்து. நான் வேற ஆளு, அவரு வேற ஆளு. வண்டி வந்த பிறகாக்கும் எனக்கிட்ட பேசினாரு. குடு, விடு. அந்த ரெண்டு வார்த்தையிலதான் எங்க குடும்பம் ஓடிச்சு மக்கா. அதையும் நானே நிப்பாட்டியாச்சு.”

கிளிப்பை மாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். அழவில்லை. ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்குக் கை நிற்காமலே பேச வருகிறது.

போன வாரம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒரு உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். முன்னிருக்கை ஒரே நீளம்தான் என்றாலும் ஞானையன் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். நடுவில் இன்னும் ஒருவர் தாராளமாக உட்காரலாம். மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்களின் ஈர அடிமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வண்டி சீராக ஓடியது. இவ்வளவு சீராக அது ஓடி நான் பார்த்ததில்லை.

செல்லபாய் முன்பலகையில் ஒரு குமிழைத் திருப்பினார். அந்த வண்டியில் ரேடியோ இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாளச் செய்தி தெளிவாக வந்தது.

“பண்டு இதைப் போட்டா டிக் டிக் எண்ணு எஞ்சினுக்க சத்தம்தான் வரும்” என்று கண்ணாடி வழியே என்னைப் பார்த்துச் சொன்னார். “இந்த ஒயரு போட்ட பிறகுதான் மனுஷரு பேசுகது கேக்குது.” சொல்லிவிட்டுக் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

ஞானையன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் கனமழை பெய்யும் என்று செய்தி வாசிப்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. எஞ்சின் சத்தத்தின் பக்கமாக ஞானையனின் தலை சற்றுச் சாய்ந்தது. கையை நீட்டி, வாசிப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன் ரேடியோவை அணைத்தார். ஏற்றம் முழுக்க எஞ்சின் ஒரு துடிப்புகூடத் தவறாமல் ஏறியது. ஏறி முடித்து, மறுபக்கம் இறங்கிய பிறகும், அவர் அந்தக் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.